வழிப்போக்கரும் வாடகை வண்டியும்

அயல்நாட்டு நகரொன்றில் வந்திறங்கும் பிரயாணி அந்நாட்டு மக்களுள் முதன்முதலாக உரையாடுவது பெரும்பாலும் ஒரு வாடகை வண்டிச் சாரதியோடேயாம். அந்நகரின் அரும்பொருட் காட்சிச்சாலையையும் ஆலயங்களையும் அவன் பின்னரே காண்பான். அந்நகரத்தாரின் நாணயத்தை முன்னரே கண்டுகொள்வான். நாணயம் என்ற சொல்லுக்கு நம் மொழியிலுள்ள இரு பொருளும் இங்கே பொருந்தும். வழி தெரிந்தவன் ஒருவன், தெரியாதவன் மற்றொருவன்; பையிற் பணம் உடையவன் ஒருவன், அன்றைய உணவுக்கு அதை ஈட்டவேண்டியவன் மற்றொருவன். இவ்விருவரும் முன்பின் அறியாதார். அரைமணி நேரத்தின் பின் மீண்டும் சந்திக்கப் போகிறவர்களும் அல்லர். இவர்களுக்கிடையே நியாயமான கூலி எது, அதை வரையறுப்பவர் யார் என்ற வினாவுக்கு உலகத்துப் பெருநகரங்கள் நானூறு ஆண்டுகளாக வெவ்வேறு விடைகளைக் கூறி வந்துள்ளன. அவ்விடைகளுட் சிலவற்றை நேயர்களோடு பகிர்ந்துகொள்வதே இப்பேச்சின் நோக்கம்.

இலண்டன் மாநகரிலிருந்து தொடங்குவோம். 1634ஆம் ஆண்டில் ஜோன் பெய்லி என்னும் ஓய்வுபெற்ற கப்பற் தலைவர் ஒருவர், ஸ்ட்ராண்ட் வீதியில் வசந்தவிழாக் கம்பம் நின்ற இடத்தருகே நான்கு குதிரை வண்டிகளை நிறுத்திவைத்தார். வண்டிக்காரருக்கு ஒரே வகையான உடை கொடுத்தார். நகரின் இன்ன பகுதிக்கு இன்ன கூலி என்று அவர்களுக்கு அறிவுறுத்தினார். வாடகைக்கு வண்டி கிடைப்பது அதற்கு முன்னரும் உண்டு. ஆயின் அதைத் தேடி விடுதிகளின் முற்றங்களுக்குச் செல்லவேண்டும். பொதுவீதியில் வண்டி காத்து நிற்பதும், கூலி முன்கூட்டியே வரையறுக்கப்பட்டிருப்பதும் புதுமை. கடலோடிய மனிதர் ஒருவர் வண்டித் தரிப்பிடத்தைக் கண்டுபிடித்தது வியப்பன்று. கப்பல்கள் துறையிற் காத்துநிற்பதைப் பார்த்துப் பழகிய கண்கள் அவை.

பெய்லியைப் பார்த்து மற்ற வண்டிக்காரரும் அவ்விடத்திற் கூடினர். தெருக்கள் நெருங்கின, பிரபுக்கள் முறையிட்டனர். 1654இல் இத்தொழிலை ஒழுங்குசெய்யச் சட்டம் இயற்றப்பட்டது. 1662இல் நானூறு வண்டிகளுக்கே அநுமதி என்று வரம்பு கட்டப்பட்டது. எண்ணிக்கைக்கு வரம்பு கட்டும் இவ்வழக்கம் பிற்காலத்தில் எத்தகைய விளைவுகளைத் தந்தது என்பதைப் பின்னர்க் காண்போம்.

பாரிஸ் நகரிலும் அதே பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிக்கொலா சோவாஜ் என்பவர் வாடகைக் குதிரை வண்டிகளை நடத்தினார். அவருடைய தொழுவம் இருந்த இடத்திலே புனித பியாக்கர் என்ற துறவியின் உருவம் பொறித்த பெயர்ப்பலகை தொங்கியது. அதனால் அவ்வண்டிகளுக்குப் பியாக்கர் என்றே பெயர் வழங்கலாயிற்று. அத்துறவி அயர்லாந்திலிருந்து வந்து பிரான்சிலே தோட்டம் பயிரிட்டு வாழ்ந்தவர். செடிகொடிகளுக்கே காவலராயிருந்தவர், பெயர்ப்பலகை ஒன்றின் பயனாக வண்டிக்காரருக்கும் காவலராகிவிட்டார். இலேசான இருசக்கர வண்டி பிரான்சில் தோன்றியபோது அதற்குக் கப்ரியோலே என்று பெயரிட்டனர். வெள்ளாட்டுக்குட்டி துள்ளுவதுபோல் அது துள்ளிச் சென்றமையே காரணம். அச்சொல் 1823இல் வண்டியோடு இலண்டனுக்குச் சென்று, ஆங்கிலேயர் நாவில் தேய்ந்து, 'கப்' என்று ஒரே அசையாய் நின்றது. ஜோசப் ஹன்சம் என்ற கட்டடக் கலைஞர் 1834இல் உரிமை பெற்ற வண்டியைப் பிறர் திருத்தியமைத்தனர். அதில் வண்டிக்காரர் பின்புறத்தே உயர்ந்த ஆசனத்தில் இருந்து, கூரையிலுள்ள சிறு கதவைத் திறந்து பிரயாணியோடு பேசுவார். கூலியும் அத்துவாரத்தின் வழியாகவே கைமாறும்.

கூலி பற்றிய பிணக்கு இங்கேதான் முற்றியது. மைல் கணக்குக்குக் கூலி என்று சட்டம் சொன்னது. மைலை அளப்பவர் யார்? இலண்டனில் ஓரிடத்துக்கும் மற்றோரிடத்துக்கும் உள்ள தூரத்தையும் கூலியையும் பட்டியலிட்ட கைந்நூல்கள் அச்சாகி விற்பனையாயின. பிரயாணி நூலைப் பிரித்துக் காட்டுவார். வண்டிக்காரர் தம் குதிரையைக் காட்டுவார். 1853இல் மைலுக்கு ஆறு பென்ஸ் எனக் கூலியைக் குறைத்துச் சட்டம் வந்தபோது வண்டிக்காரர் வேலைநிறுத்தம் செய்தனர். சில நாட்கள் இலண்டன் மக்கள் கால்நடையாகச் சென்றனர். அக்காலத்து வண்டிக்காரருட் பலருக்கு வண்டியும் சொந்தமன்று, குதிரையும் சொந்தமன்று என்பதை நாம் மறத்தலாகாது. உடைமையாளருக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று முதலிற் கட்டிவிட்டே, மிஞ்சியதைக் கொண்டு அவர்கள் சீவித்தனர். மழையில் நனைந்து இருக்கையிலேயே உறங்கும் இவர்களுக்காக 1875இல் தரும நிதியம் ஒன்று தோன்றி, வீதியோரங்களிலே பச்சை நிறச் சிறு மரக்குடில்களைக் கட்டிக்கொடுத்தது. பொதுவீதியில் நிற்பதால், ஒரு குதிரையும் வண்டியும் அடைக்கும் இடத்தைவிடக் கூடுதலாக அக்குடில் இடம் பிடிக்கக்கூடாது என்பது விதி. 61 குடில்கள் எழுந்தன. 13 இன்றும் எஞ்சியுள்ளன. சூடான தேநீரும் கிடைக்கிறது.

இலண்டன் சாரதிகளைப் பற்றிப் பேசும்போது, 'அறிவு' என்றே பெயர்பெற்ற அவர்களது பரீட்சையைக் கூறாமல் விடல் இயலாது. 1851இல் நடைபெற்ற மாபெரும் பொருட்காட்சிக்கு வந்தோர், வண்டிக்காரருக்கு வழி தெரியவில்லை எனக் குறைகூறினர் என்பர். 1865இலிருந்து வண்டிக்காரர் அநுமதி பெறுவதற்கு வழியறிவு சோதிக்கப்படலாயிற்று. சாரிங் குறொஸ் சந்தியை நடுவாகக் கொண்டு ஆறு மைல் சுற்றளவுக்குள்ளே ஏறத்தாழ 25,000 வீதிகள். அவற்றோடு மருத்துவமனைகள், நீதிமன்றங்கள், நாடகசாலைகள், கல்லறைகள். இவற்றையெல்லாம் 320 வழிகளாக வகுத்து மனப்பாடஞ் செய்யவேண்டும். பயிலுவோர் சிறு மோட்டார் சைக்கிளிலே, கைப்பிடிமேல் வரைபடத்தைப் பொருத்திக்கொண்டு, வெயிலிலும் பனியிலும் மூன்று நான்கு ஆண்டுகள் தெருத்தெருவாய்த் திரிவர். பின்னர்ப் பரீட்சகர் முன் அமர்ந்து, அவர் கூறும் இரண்டு இடங்களுக்கிடையே உள்ள குறுகிய வழியை, திரும்பும் ஒவ்வொரு சந்தியின் பெயரோடும் ஒப்புவித்தல் வேண்டும். ஏடு பார்த்தல் கூடாது. நம் நாட்டுத் திண்ணைப் பள்ளிக்கூடத்து மாணாக்கர் எண்சுவடி ஒப்புவித்ததை நினைவூட்டும் முறை இது. 2000ஆம் ஆண்டில் எலினோர் மக்குவயர் என்ற அறிவியலாளரும் அவருடன் ஆராய்ந்தோரும் இச்சாரதிகளின் மூளையைப் படம்பிடித்துப் பார்த்து, இடஞ்சார்ந்த நினைவுக்குரிய பகுதியின் பின்புறம் மற்றையோருக்கு உள்ளதைவிட அவர்களுக்குப் பெரிதாயிருப்பதைக் கண்டனர். தொழில் மனிதனின் கையைக் காய்க்கச்செய்யும் என்பதை அறிவோம். மூளையையும் உருமாற்றக்கூடும் என்பதற்கு அது சான்றாகப் பேசப்பட்டது.

இனி, மைலை அளப்பவர் யார் என்ற வினாவுக்கு மீள்வோம். அளக்கும் பொறி பண்டையோருக்குத் தெரியாததன்று. உரோமாபுரியின் கட்டடக் கலைஞர் விற்றூவியஸ், சக்கரம் சுழலச் சுழலப் பற்சில்லுகள் அசைந்து, மைலுக்கு ஒரு கூழாங்கல் வீதம் செம்புக் கலத்தில் விழச்செய்யும் வண்டியொன்றைத் தம் நூலில் விவரித்துள்ளார். சீனத்திலே தூரத்துக்கேற்ப மரப்பாவை பறை கொட்டும் வண்டி இருந்தது. ஆயினும் இவை கூலிக்கு அளந்தனவாகத் தெரியவில்லை. ஜேர்மனியைச் சேர்ந்த வில்ஹெல்ம் புறூன் என்பவர் 1891இல் உருவாக்கிய பொறியே, தூரத்தையும் காத்து நின்ற நேரத்தையும் சேர்த்தளந்து, தரவேண்டிய தொகையையே முகப்பிற் காட்டியது. தீர்வை அல்லது கட்டணம் என்ற பொருளுள்ள 'டாக்ஸ' என்னும் சொல்லும், அளவுக்குரிய 'மீட்டர்' என்னும் சொல்லும் கூடி அதற்குப் பெயராயின. பொறியின் பெயர் வண்டியின் மீதேறியது. வெள்ளாட்டுத் துள்ளலாகிய கப் என்பதனோடு இணைந்தது. ஈற்றில் டாக்ஸி என்ற இரண்டெழுத்தோசை மாத்திரம் உலகமெங்கும் பரந்தது. 1897இல் ஸ்டட்கார்ட் நகரத்தில் பிரீட்ரிக் கிறைனர் என்பவர் டைம்லர் மோட்டார் வண்டியில் இப்பொறியைப் பொருத்தி வாடகைக்கு விட்டார். அதே ஆண்டில் இலண்டன் வீதிகளிலே மின்கலத்தால் ஓடும் வாடகை வண்டிகள் தோன்றின. அவை எழுப்பிய ஒலியால் ரீங்காரக் குருவி என்று அவற்றை அழைத்தனர். இரண்டே ஆண்டுகளில் அவை மறைந்தன. மின்சார வண்டியை இந்த நூற்றாண்டின் புதுமை என்று கருதுவோர் இதனை மனங்கொள்வாராக.

மீட்டரை வண்டிக்காரர் வரவேற்றனர் என்று எண்ணவேண்டாம். பிரயாணிக்கு அது காவல். வண்டிக்காரருக்கு அது வேவு. உடைமையாளர் மாலையில் வந்து பொறியைப் பார்த்தால், எவ்வளவு உழைத்தான் என்பது தெரிந்துவிடும் அல்லவா? எனினும் 1907இல் இலண்டனில் அது கட்டாயமாயிற்று. அதே ஆண்டில் நியூயோர்க் நகரத்திலே ஹரி அலன் என்ற இளைஞர், முக்கால் மைல் தூரத்துக்கு ஐந்து டொலர் கூலி கேட்கப்பட்டதால் வெகுண்டு, பிரான்சிலிருந்து 65 மோட்டார் வண்டிகளை மீட்டருடன் வருவித்து ஓடவிட்டார். கோபம் சிலரைக் கவிஞராக்கும், சிலரை முதலாளியாக்கும்.

மீட்டரைப் பற்றிய கதைகளுள் மிகச் சிறந்தது போர்க்களத்தைச் சார்ந்தது. 1914ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத் தொடக்கத்தில் ஜேர்மன் படைகள் பாரிசை அணுகிவிட்டன. மார்ன் நதிப் பகுதியிற் போர் மூண்டது. நகரின் படைத்தலைவரான கலியேனி, போர்முனைக்கு வீரரை விரைந்து அனுப்ப வாகனமின்றித் தவித்து, வாடகை மோட்டார்களைத் திரட்டக் கட்டளையிட்டார். செப்ரெம்பர் 6ஆம் நாள் மாலை, பொலிசார் தெருக்களில் டாக்ஸிகளை மறித்துப் பிரயாணிகளை இறக்கினர். வண்டிகள் இன்வலீட் மாளிகையின் முன்றிலில் அணிவகுத்தன. ஏறத்தாழ 600 வண்டிகள். பெரும்பாலானவை சிறிய இரட்டை உருளை எந்திரம் பூட்டிய ரெனோ வண்டிகள். வண்டிக்கு ஐந்து வீரர் வீதம், முன்விளக்கை அணைத்துப் பின்விளக்கை மாத்திரம் எரியவிட்டு, ஒன்றன் விளக்கை மற்றொன்று பின்தொடர்ந்து, இரவோடிரவாகச் சென்றன. சாரதிகளுட் பலர் முதியோர். இளைஞர் யாவரும் முன்பே படையிற் சேர்ந்துவிட்டனர். இத்தனைக்கும் மீட்டர்கள் ஓடிக்கொண்டிருந்தன! திரும்பி வந்தபின் கணக்குப் பார்த்து, மீட்டர் காட்டியதில் 27 வீதத்தைச் சாரதிகளுக்குக் கொடுத்தனர். அரசாங்கம் மொத்தம் 70,012 பிராங்கு செலுத்தியது. போரின் வெற்றிக்கு இவ்வண்டிகளே காரணம் என்று கூறுவது மிகை. அவை கொண்டுசென்றது சில ஆயிரம் வீரரையே. படையிற் பெரும்பகுதி புகையிரதத்தால் சென்றது. வரலாற்றாசிரியர் இதைத் தெளிவாகவே எடுத்துக்காட்டியுள்ளனர். ஆயினும் தலைநகரின் மக்கள், தாம் நாள்தோறும் கூலிபேசி ஏறிய வண்டி தம் நாட்டைக் காக்கப் போனதைக் கண்ணாற் கண்டனர். அந்த நினைவைக் கணக்கால் அழிக்க முடியுமா? அவ்வண்டிகளுள் ஒன்றை இன்வலீட் மாளிகையிலுள்ள படைக்கலக் காட்சிச்சாலையில் இன்றும் காணலாம்.

அப்போரின் பின் பாரிஸ் டாக்ஸிகளுக்கு வேறொரு கூட்டத்தார் சாரதிகளாயினர். இரஷ்யப் புரட்சியால் நாடிழந்து வந்த படை அதிகாரிகளும் பிரபுக்களும் 1920களில் வண்டி ஓட்டிப் பிழைத்தனர். கைத்தோ கஸ்தானொவ் என்ற இரஷ்ய எழுத்தாளர் இரவெல்லாம் டாக்ஸி ஓட்டிப் பகலில் நாவல் எழுதினார். நாடிழந்தோர் வாடகை வண்டியின் சில்லைப் பற்றுவது அன்றோடு முடிந்த கதையன்று. உலகத்தின் எப்பெருநகரிலாயினும் டாக்ஸியில் ஏறிச் சாரதியின் ஊரை விசாரிப்பவருக்கு, அண்மைக்கால யுத்தங்களின் பட்டியல் கிடைத்துவிடும். அப்பட்டியலில் நம்மவர் ஊர்களும் உண்டு என்பது நேயர்கள் அறியாததன்று.

நியூயோர்க்கின் கதை துயரமானது. மஞ்சள் வண்ணம் 1915இல் சிக்காகோவில் ஜோன் ஹேர்ட்ஸ் தொடங்கிய நிறுவனத்தால் புகழ்பெற்றது. 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்தோர் பலர் டாக்ஸி ஓட்ட வந்தனர், வண்டிகள் மலிந்தன, வருவாய் வீழ்ந்தது. 1937இல் நகரசபை சட்டமொன்றால் அநுமதிகளுக்கு வரம்பிட்டது. வண்டியின் முன்மூடியில் அறையப்படும் உலோக வில்லையே அநுமதி. அதன் விலை 10 டொலர். நாளடைவில் வில்லைகளின் தொகை 11,787இல் நின்றது. 1996 வரை அது கூடவில்லை. நகரம் பெருத்தது, வில்லை பெருகவில்லை, ஆகவே வில்லை சொத்தாயிற்று. கைமாறிக் கைமாறி 2014ஆம் ஆண்டளவில் ஒரு வில்லை பத்து இலட்சம் டொலருக்கும் மேல் விலைபோயிற்று. வங்காளதேசம், பாகிஸ்தான், இந்தியா, ஹெயிற்றி முதலாய நாடுகளிலிருந்து குடியேறிய சாரதிகள் ஆயுட்காலக் கடனெடுத்து அதை வாங்கினர். நகராட்சியும் ஏலமிட்டு விற்று இலாபம் கண்டது. பின்பு கைத்தொலைபேசியால் அழைக்கும் வண்டிகள் வில்லையின்றியே பல்லாயிரக்கணக்கில் ஓடத் தொடங்கின. வில்லையின் விலை ஐந்திலொரு பங்குக்கும் கீழே சரிந்தது. கடன் மாத்திரம் சரியவில்லை. 2018இல் சாரதிகள் பலர் தம்முயிரை மாய்த்துக்கொண்டனர். 2021இன் பிற்பகுதியில் சாரதிகளின் சங்கத்தார் நகரசபை மண்டபத்தின் வெளியே பதினைந்து நாள் உண்ணாநோன்பிருந்தனர். அதன் பின்னரே கடனைக் குறைத்து, எஞ்சியதற்கு நகரம் பிணைநிற்கும் உடன்பாடு கிட்டியது. 1662இல் இலண்டனில் கட்டிய வரம்பும் 1937இல் நியூயோர்க்கில் கட்டிய வரம்பும் ஒரே எண்ணத்தின் பிள்ளைகள். ஒழுங்குக்காக இட்ட வேலி, உள்ளிருப்போருக்கு முதலிற் செல்வமாகி, பின்பு சிறையாகியது.

கீழைநாடுகளில் இவ்வரலாறு மனிதன் தோளிலிருந்து தொடங்குகிறது. 1870இல் தோக்கியோ நகரில் மூவர் அநுமதி பெற்று ஓட்டிய மனிதவலு வண்டியே றிக்ஷா. சில ஆண்டுகளுள் பல்லாயிரமாகப் பெருகி, சீனம், சிங்கப்பூர், இந்தியா, இலங்கை எங்கும் பரவியது. சிங்கப்பூர் 1947இல் அதை நிறுத்தியது. தமிழ்நாட்டில் 1973இல் மு. கருணாநிதியின் அரசு கைறிக்ஷாவை ஒழித்தது. கல்கத்தாவில் அது நெடுங்காலம் நீடித்தது. யப்பானோ மறுகோடிக்குச் சென்றது: 1964ஆம் ஆண்டு ஒலிம்பிக் விழாக் காலத்திலிருந்து, சாரதி இருந்த இடத்திலிருந்தே பின்கதவைத் திறக்கும் டாக்ஸிகள் அங்கே பெருகின. கதவைத் தொடாதீர்கள் என்று அங்கு செல்வோருக்கு முன்னரே சொல்லிவைப்பது நன்று. துருக்கியரின் இஸ்தான்புல் நகரில், 1929இன் பொருளாதார முடையில் தனிவண்டிக்குக் கூலிகொடுக்க இயலாதோர் பலர் சேர்ந்தேறும் வழக்கம் உண்டாயிற்று. அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'நிறைந்தது' என்று பொருள்படும். பம்பாயிற் பல ஆண்டுகளாக, மீட்டர் காட்டும் தொகை ஒன்று, கொடுக்கவேண்டிய தொகை வேறொன்று. கட்டணம் உயரும்போதெல்லாம் பொறியைத் திருத்துவதற்குப் பதிலாக அட்டவணையொன்றை அச்சிட்டு வழங்கிவிடுவர். அந்நகரின் அடையாளமாயிருந்த கறுப்பு மஞ்சள் பத்மினி டாக்ஸிகள் 2023 ஒக்ரோபரோடு ஓய்வுபெற்றன.

நம் நாட்டிலே திருக்கல் வண்டியும் குதிரை வண்டியும் ஓடிய வீதிகளில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் றிக்ஷா புகுந்தது. கொழும்புத் துறைமுகத்தில் நீராவிக் கப்பலால் இறங்கிய வெள்ளைக்காரப் பிரயாணிகள் அதிலேறிக் காலிமுகத்திடலையும் கறுவாத் தோட்டத்தையும் பார்த்துவிட்டுக் கப்பலுக்குத் திரும்புவர். அக்காலக் கைந்நூல்களில் அதற்குரிய கூலி விபரம் அச்சாகியிருந்தது. அவர்கள் எழுதிவைத்த குறிப்புக்களில் இழுத்தவரின் வேகம் வியந்து பேசப்படும், பெயர் இராது. இழுத்தவருட் பலர் தென்னிந்தியாவிலிருந்து பிழைப்புத் தேடி வந்த தமிழர். பின்பு மொறிஸ் மைனர் டாக்ஸிகள் வந்தன. அவற்றின் பின் முச்சக்கர வண்டிகள் வந்து அவற்றை ஓரங்கட்டின.

யாழ்ப்பாணத்தின் கதை தனி. ஒஸ்ரின் ஏ-40 முதலான, 1950களில் வார்த்த ஆங்கிலேயக் கார்கள் அங்கே அரை நூற்றாண்டுக்கு மேலாக வாடகைக்கு ஓடின. ஆக்கியோன் நாட்டிலே அவை காட்சிச்சாலைக்குச் சென்றுவிட்ட காலத்திலும், இங்கே அவை மணமக்களையும் நோயாளரையும் ஏற்றிச்சென்றன. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் பெற்றோல் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. சாரதிகளும் கம்மியரும் அவ்வெந்திரங்களை மண்ணெண்ணெய்க்குப் பழக்கினர். தொடக்கி வைப்பதற்குச் சில துளி பெற்றோல்; எந்திரம் சூடேறியதும் மண்ணெண்ணெய். புகை கண்ணைக் கரிக்கும். ஆயினும் பிரசவ வேதனையில் துடித்தவரை ஆசுபத்திரிக்குக் கொண்டுசேர்க்க நள்ளிரவில் அக்கார்களே கிடைத்தன. புதிய எந்திரமாயின் அவ்வெண்ணெயை ஏற்றிராது என்று அத்தொழிலறிந்தோர் கூறுவர். பழமை அங்கே ஓர் அநுகூலமாயிற்று.

2015இலிருந்து கொழும்பிலும் கைத்தொலைபேசியே வண்டியை அழைத்துக் கூலியையும் சொல்லத் தொடங்கியது. பெய்லியின் பட்டியலும் புறூனின் பொறியும் செய்த வேலையை அது ஒருங்கே செய்தது. பின்னர் 2022ஆம் ஆண்டு வந்தது. எரிபொருள் நிலையங்களின் முன்னே முச்சக்கர வண்டிகள் மைல்கணக்கில் வரிசையாய் நின்றன. சாரதிகள் இரண்டு நாள் மூன்று நாள் வண்டியிலேயே உண்டு, வண்டியிலேயே உறங்கினர். பங்கீட்டு முறை வந்தபோது முச்சக்கர வண்டியொன்றுக்குக் கிழமைக்கு 5 லீற்றர் என்று முதலில் வரையறுத்தனர். ஒரு கிழமை உழைப்பை அந்த ஐந்து லீற்றருக்குள் அடக்கவேண்டியிருந்த சாரதிக்குத் தொலைபேசி காட்டிய கூலி கட்டவில்லை. ஏறுமுன் தெருவோரத்தில் நின்று, முகம் பார்த்துக் கூலி பேசும் பழைய வழக்கமே அக்காலத்தில் மீண்டும் நடந்தது. மருத்துவமனைக்கா, சந்தைக்கா என்று கேட்டறிந்த பின்னரே சிலர் கூலியைச் சொன்னார்கள்.